நாய்க்குத் தெரிந்த இடம்

என் கணவர் குடியை விட்ட வருடத்தில்தான் அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குச் சற்று முன் கணையம் வீங்கி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவரிடம், "இனி ஒரு துளியும் கூடாது. அடுத்த முறை இப்படி வந்தால் நடந்து வெளியே போவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது" என்று வைத்தியர் சொன்னார். அவர் தலையாட்டினார். அதற்கு முன்பும் எத்தனையோ பேருக்கு அவர் தலையாட்டியிருக்கிறார். ஆனால் அந்த முறை வீட்டுக்கு வந்தவர் உண்மையிலேயே குடிக்கவில்லை.

குடியை விட்டவர்களோடு இருந்து கதைப்பதற்கென்று ஒரு பெண்ணிடம் அவரை அனுப்பினார்கள். முதல் நாள் நானும் கூடப் போனேன். நடக்க வேண்டும், பகலில் சும்மா இருக்கக் கூடாது, தன்னை எதிர்பார்த்துக்கொண்டு வீட்டில் ஒரு ஜீவன் இருப்பது நல்லது என்று அந்தப் பெண் சொன்னாள். நான் ஒருத்தி இருக்கிறேனே என்று எனக்குள் நினைத்தேன்.

சிட்னியில் இருக்கும் எங்கள் மகள்தான் நாயைத் தேடிப் பிடித்தாள். பந்தயத்தில் ஓடி, இனி ஓட முடியாது என்று கழித்து விடப்பட்ட வேட்டை நாய். கருஞ்சாம்பல் நிறம். நீண்ட கால்கள், எண்ணிப் பார்க்கலாம் போல விலா எலும்புகள், வயதான நீதிபதியைப் போல ஒரு முகம். வாழ்நாள் முழுக்கக் கூட்டுக்குள் இருந்த பிராணி என்பதால் வீடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவில் போய் மோதியது. துணி துவைக்கும் இயந்திரம் சுற்றினால் நடுங்கியது. உடம்பில் சதைப்பிடிப்பு இல்லாததால் வெறுந்தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து புண்ணாகிவிடும். எங்கே போனாலும் ஒரு போர்வையும் கூடவே போக வேண்டும். இவ்வளவையும் என் கணவரே பார்த்துக்கொண்டார். தன் மகளுக்கு ஒரு நாளும் பால் கரைத்துக் கொடுக்காத மனிதர், நாய்க்குக் கோழி அவித்து எலும்பு பிரித்து ஊட்டினார்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது. விடியும் முன்பே, நாங்கள் குடியிருக்கும் ரோவிலில் இருந்து என் காரில் கிளம்பிவிடுவேன். பின்னேரம் திரும்பி வரும்போது அவரும் நாயும் ஹோலில் படுத்திருப்பார்கள். அவர் சாய்கதிரையில், நாய் அவர் காலடியில். அவர் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்பதையும் விட்டிருந்தேன். "இண்டைக்கு எங்க போனீங்கள்?" என்று மட்டும் கேட்பேன். ஏரிப் பக்கம் என்பார், மலையடிவாரம் என்பார். "இவன் வாத்தைக் கண்டுட்டு நிண்ட நிலை பாக்க வேணும்" என்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி உட்கார்ந்தது அந்தக் காலத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோபல் பார்க் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போவோம். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது எங்கள் ஊர் மன்னார்ச் சனம் எல்லாம் அவரைச் சுற்றி நிற்கும். "அங்கிள் இப்ப நல்லாத் தேறிட்டார்" என்று இளம் பிள்ளைகள் சொல்லும். ஒரு காலத்தில் அதே வாசலில் அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கொண்டுபோனவர்கள் அங்கே நின்றார்கள். அவர்கள் முன்னால் நான் தலை நிமிர்ந்து நின்றேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது.

என்னோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெண் ஓய்வு பெற்றாள். நல்ல மனுசி. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கிழவர்களை முதுகு நோகாமல் தூக்குவது எப்படி என்று காட்டித் தந்தவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு சின்ன வெள்ளை நாய்கள் உண்டு. நாய்களை விட்டுவிட்டு எந்தக் கொண்டாட்டத்துக்கும் வர மாட்டாள் என்பதால், பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு நாய்களை அனுமதிக்கும் ஓர் இடத்தைத் தேடினார்கள். யாரா என்னும் பள்ளத்தாக்கில் ஒரு வைன் தோட்டம். திராட்சைத் தோட்டத்தின் நடுவில் வைன் ருசி பார்க்கும் கூடம், வெளியே மேசைகள், சாப்பாடு. நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொண்டு வர வேண்டும் என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

அன்று பின்னேரம் அவர் நாய்க்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

பெயரைச் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அங்க இவனைக் கொண்டு போகேலாது."

"நாய்க்காகத்தானே அந்த இடத்தையே பிடிச்சிருக்கினம்."

"கனக்க நாய் வரும். இவன் பயந்திடுவான்."

"இவன் பூங்காவில எத்தினை நாயோட நிக்கிறான்," என்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "உங்களை நான் வரச் சொல்லேல்ல. வைன் இருக்கிற இடத்துக்கு நீங்கள் வராமல் நிக்கிறதுதான் நல்லது. அது எனக்கு விளங்குது" என்றேன்.

"அதில்லை."

"பரவாயில்லை. நான் இவனை மட்டும் கூட்டிக்கொண்டு போட்டு வாறன்."

அவர் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். குடிக்கும் இடத்தின் பெயரைக் கேட்டதுமே ஒதுங்குகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. குனிந்திருந்த அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போனேன்.

போகிற நாள் காலையில் நாய்க்கு வயிறு சரியில்லை என்றார். வீட்டுப் பின் வளவுக்குள் போய்ப் பார்த்தேன், வாந்தியோ கழிச்சலோ ஒன்றும் இல்லை. நான் காரை எடுக்கும்போது வெளியே வந்து பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இவனுக்கு நெடுகப் போர்வை வேணும், மறந்திடாதையும்" என்றார். போர்வை ஏற்கெனவே காருக்குள் இருந்தது. வேறு எதையோ சொல்ல வந்தவர் போல நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடியில் பார்த்தேன். நான் தெருமுனை திரும்பும் வரை அதே இடத்தில் நின்றார். நாயைப் பிரிந்து இருக்க முடியாமல் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

லில்லிடேல் தாண்டியதும் வீடுகள் குறைந்து மாடுகளும் வேலிகளும் வந்தன. நாய் பின் சீட்டில் நித்திரையாகக் கிடந்தது. பெரிய வீதியை விட்டு சரளைக்கல் பாதையில் இறங்கியதும் எழும்பிவிட்டது. யன்னலில் மூக்கை வைத்துச் சிணுங்கியது. அதன் வால் சீட்டில் பட்டு டப் டப் என்று அடித்தது. மற்ற நாய்களின் மணம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

இலையுதிர் காலம். திராட்சை எல்லாம் பறித்து முடிந்து, கொடிகள் மஞ்சளும் செம்மண் நிறமுமாக வரிசை வரிசையாக மலைவரை போயின. வாசலில் நாய்களுக்குத் தண்ணீர்ச் சட்டிகள் வைத்திருந்தார்கள். எங்கும் நாய்கள். குழந்தைகளைப் போல அவற்றுக்குக் குளிர்ச்சட்டை போட்டிருந்தார்கள். என் வேலைத்தலத்து ஆட்கள் புல்வெளியில் நீளமான மேசையில் இருந்து கை காட்டினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். நாய் திரும்பவில்லை.

எதையும் இழுக்காத நாய் அது. பந்தயத்துக்குப் பழக்கப்பட்டதால் கயிற்றில் அவ்வளவு ஒழுக்கம். அன்று என் தோள் மூட்டு கழன்றுவிடும் போல இழுத்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. அங்கே பழைய மரப் பீப்பாய்கள் அடுக்கிய சுவர் ஓரமாக, வெயில் விழுகிற இடத்தில், உட்கார ஒரு வாங்கும் சின்ன மேசையும் இருந்தன. நாய் மேசைக்குக் கீழே போய், இரண்டு முறை சுற்றி, படுக்காமல் நின்றுகொண்டு கட்டடத்தின் பின் கதவைப் பார்த்தது.

கதவு திறந்தது. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வெளியே வந்தாள். மகளைவிட இளையவளாக இருப்பாள். கையில் மடித்த நீலப் போர்வை ஒன்று. நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாய் போய்த் தன் நீண்ட மூஞ்சியை அவளுடைய ஏப்ரன் பைக்குள் விட்டது. அவள் ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள்.

"நீ ஞாயிற்றுக்கிழமை வர மாட்டியே" என்று நாயிடம் சொன்னாள். போர்வையை மேசைக்குக் கீழே விரித்தாள். நாய் உடனே படுத்துக்கொண்டது. பிறகுதான் என்னைப் பார்த்தாள். "அவர் எங்கே? சுகமாக இருக்கிறார்தானே?"

எனக்கு என்ன கேட்கிறாள் என்று விளங்க நேரம் எடுத்தது. அதற்குள் அவளே கேட்டாள்.

"நீங்கள் அவருடைய சகோதரியா?"

"ஆமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த இடத்தில் வேறு எந்தப் பதிலும் எனக்கு எட்டவில்லை.

"நல்லது" என்றாள் அவள். முகம் மலர்ந்தது. "அவருக்குக் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தத் தோட்டத்தை நடத்துகிற என் அம்மாவும் சந்தோஷப்படுவா. மனைவி இறந்துபோன பிறகு இவன் ஒருத்தன்தான் துணை என்று சொல்லுவார். இவன் அவவுடைய நாய்தானே? மனைவியுடைய நாய்?"

"ஆமாம்" என்றேன் மறுபடியும்.

அவள் நல்ல பிள்ளை. நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். போன வருடம் திராட்சை பறிக்கிற காலத்தில் முதல் முதலாக வந்தாராம். மற்றவர்கள் போல ஒவ்வொரு வைனாக ருசி பார்க்க மாட்டாராம். எப்போதும் சிவப்புத்தான். வார நாட்களில் காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், இந்த வாங்கில் இருப்பாராம். யாருக்கும் தொந்தரவு இல்லை. கொஞ்சம் கூடிப்போனால் காருக்குள் படுத்து நித்திரை கொண்டுவிட்டுத்தான் போவாராம். அவளுடைய அம்மா அப்படிச் சொல்லி வைத்திருந்தாளாம். போகும்போது வீட்டுக்கும் வாங்கிப் போவாராம். "இவ்வளவு மரியாதையான மனிதர்" என்றாள். "அவருடைய மனைவியைப் பற்றிச் சொன்னபோது அம்மா அழுதுவிட்டா."

யாரோ உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

நான் அந்த வாங்கில் இருந்தேன். மேசையில் பழைய கிளாஸ் வட்டங்கள். நாய் என் காலில் தலையை வைத்தது. வழியில் வந்த வளைவுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அந்த வளைவுகளில் இவர் குடித்துவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், பின் சீட்டில் இந்த நாயோடு. எதிரே பள்ளிக்கூட பஸ்கள் வந்திருக்கும். ஆனால் அதையும் மீறி வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் என்ன நோய் வருத்தத்தில் செத்தேன் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். எவ்வளவு காலம் கிடந்தேன், கடைசியில் அவர் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாத ஒரு தாய் எனக்காக அழுதிருக்கிறாள்.

என் சிநேகிதி தன் இரண்டு நாய்களையும் இழுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். "இங்கேயா ஒளிந்திருக்கிறாய்? உன் நாய் தனக்கென்று தனி மேசை பிடித்துவிட்டதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எழும்பிப் போய் எல்லோரோடும் இருந்தேன். பாலாடைக்கட்டியும் பாணும் ஒலிவ் காய்களும் வந்தன. அவளைப் பற்றி ஒவ்வொருவரும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது எழும்பி, அவள் எனக்கு வேலை பழக்கியதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்தாள். யாரோ என் கையில் ஒரு கிளாஸைத் தந்தார்கள். சிவப்பு வைன். மேசையில் வைத்துவிட்டுத் தலையிடி என்றேன். புறப்படும்போது நாய் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் குசினியில், விளக்குப் போடாமல், மேசையருகே உட்கார்ந்திருந்தார். நாய் ஓடிப்போய் அவர் மடியில் முகத்தை வைத்தது. அவர் அதைத் தடவவில்லை. நான் மேசையில் கிடந்த அவருடைய கார்ச் சாவியை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. நாய்தான் கொண்டுபோய்க் காட்டினது."

பிறகு அவராகவே சொன்னார். "முதல் நாள் நான் குடிக்கப் போகேல்ல. நாய் கொண்டு வரலாம் எண்டு ரோட்டில போர்ட் போட்டிருந்தாங்கள். இவனோட ஒரு கோப்பி குடிப்பம் எண்டுதான் இறங்கினனான். வேற எங்க இவனை உள்ள விடுறாங்கள்? ஒவ்வொரு நாளும் அந்த ஏரியைச் சுத்திச் சுத்தி எனக்கு விசர் பிடிச்சது."

"கோப்பி குடிச்சிட்டு வந்திருக்கலாமே."

"ஓம். வந்திருக்கலாம்."

"நான் எப்ப செத்தனான்?"

அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் பிடிபட்டால் அழுவார், மாதா சத்தியம் செய்வார். அன்று நேராகப் பார்த்துச் சொன்னார்.

"தனிய இருந்து குடிக்கிற மனிசனை ஆக்கள் ஒரு மாதிரிப் பாப்பினம். கிளாஸை எண்ணுவினம். மனிசி செத்தவன் எண்டா ஒண்டும் கேக்காமல் விட்டிடுவினம்."

நான் எழும்பிப் போய்க் குசினி விளக்கைப் போட்டேன். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை.

"எங்க வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கராஜில் நாய்த் தீனி கொட்டி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளி. தீனியைக் கையால் ஒதுக்கினார். அடியில் போத்தல்கள். நாய்க்கு அவர்தான் சாப்பாடு போடுவார் என்பதால் அந்த மூடியை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. மூடி திறந்த சத்தம் கேட்டு நாய் ஓடி வந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் போத்தல்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தேன். அவர் நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார்.

குடிகாரனோடு இத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு மணம் தெரியாமல் போகுமா என்று மகள் பிறகு கேட்டாள். போனது. முழங்கால் நோவு என்று எந்நேரமும் தைலம் பூசிக்கொண்டிருந்தார். வீடு முழுக்கத் தைல மணம். காலையில் குடித்துவிட்டு வந்து, பின்னேரம் நான் வருவதற்குள் நித்திரை கொண்டு எழும்பிவிடுவார். நானும் கிழவர்களின் மூத்திரமும் மருந்தும் சவர்க்காரமும் மணத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவேன்.

அடுத்த நாள் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கல்லீரல் கெட்டுப்போய் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய ஆலோசனைப் பெண்ணிடமும் போனார். தன் காரைத் தொட மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். நான் வேலைக்குப் போகும்போது அதன் சாவியையும் கொண்டு போனேன். சில வாரங்கள் சரியாக இருந்தது போலத்தான் இருந்தது. நாயோடு நடக்கப் போனார், வந்தார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. சாய்கதிரைக்குப் பக்கத்தில் நான் தேத்தண்ணியோடு உட்காருவதும் நின்றுபோனது.

குளிர் காலத்தில் ஒரு நாள், மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. வேலையால் வந்து காரை நிறுத்தும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பெண் குடையோடு ஓடி வந்தாள். கையில் எங்கள் நாயின் கயிறு. நாய் முழுக்க நனைந்து, வால் வயிற்றுக்குள் போய், நடுங்கிக்கொண்டு நின்றது. கடைத்தொகுதியில் மதுக்கடை வாசலில் தூணில் கட்டிக் கிடந்ததாம். அவள் சாமான் வாங்கப் போகும்போதும் நின்றதாம், திரும்பி வரும்போதும் நின்றதாம். கடைக்குள் போய்க் கேட்டிருக்கிறாள். நாய்க்காரர் எப்போதோ போய்விட்டார் என்று சொன்னார்களாம்.

அவர் வீட்டுக்குள், சாய்கதிரையில், காலில் ஈரச் சப்பாத்தோடு நித்திரை கொண்டிருந்தார். நாயை மறந்துவிட்டு பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்.

நான் அவரை எழுப்பவில்லை. நாயைக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் துவாயால் துடைத்தேன். முடி உலர்த்தும் இயந்திரத்தைப் போட்டேன். சத்தத்துக்குப் பயப்படும் நாய் அது. அன்று குளிரில் பயத்தையும் மறந்து என் மேல் சாய்ந்துகொண்டு நின்றது. அங்கேயே தரையில் இருந்து மகளுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் செத்த கதையை மட்டும் சொல்லவில்லை. தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில் அது சேர்த்தியில்லை என்று பட்டது.

அவள் அந்த வாரமே பிளேன் எடுத்து வந்தாள். தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, "அப்பா, லுக் அற் மீ" என்றாள். அவர் பார்த்தார். "டூ யூ வாண்ட் டு டை?" என்று கேட்டாள்.

"இல்லை பிள்ளை" என்றார்.

"தென் வை?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். "தெரியேல்ல" என்றார்.

அவள் என்னிடம் வந்து, "அம்மா, நீங்க என்னோட வாங்கோ. யூ டோண்ட் ஹாவ் டு வாட்ச் திஸ்" என்றாள். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். நான் போகவில்லை. அவரை விட்டுப் போகக் கூடாது என்ற பக்தி ஒன்றும் அப்போது எனக்குள் மிச்சமில்லை. ஆனால் நான் போனால் நாய் மறுபடி தூணில் நிற்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதன் பிறகு அதிக காலம் எடுக்கவில்லை. ஒரு காலையில் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்து ஃபோன் வந்தது. நாய் வளவுக்குள் நின்று ஊளையிடுகிறது என்றாள். குரைக்கக்கூடத் தெரியாத நாய் அது. நான் அவளையே அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஓடினேன். குளியலறை முழுக்க இரத்தம். வாயால் எடுத்திருக்கிறார். உணவுக் குழாயில் இரத்த நாளம் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அடைத்துப் பார்த்தார்கள். அவருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து, கையும் காலும் குச்சியாகிப் போயின. நான் வேலையில் எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்தவள். அதனால் யாரும் எனக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

நினைவு தெளிவாக இருந்த ஒரு நாளில் நாயைப் பார்க்க வேண்டும் என்றார். தாதி ஒருத்தி விசாரித்து, ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குக் கொண்டு வரலாம் என்றாள். மகள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே போனேன். நாய் கிட்ட வந்தது. நீட்டிய கையை மணந்தது. விரல் விரலாக மணந்தது. பிறகு மூக்கை இழுத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய், புல்லில் வெயில் விழுந்த இடத்தில் படுத்தது. மகள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

"விடு பிள்ளை" என்றார் அவர். "அவனுக்கு வெயில் பிடிக்கும்."

நான் அவருடைய போர்வையைக் கால் வரை இழுத்து விட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாயைப் பார்த்துக்கொண்டே, "நீர் இவனை வச்சிருப்பீரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் நின்ற நேரம் முழுக்க எதிர்பார்த்தேன். குளிர் காற்று அடிக்கத் தொடங்கியது; தாதி வந்து உள்ளே போகச் சொன்னாள்.

அதற்கடுத்த வாரம் இறந்துபோனார். நோபல் பார்க்கில் பூசை வைத்தோம். கோயில் நிறைய ஆட்கள். மஞ்சள் காமாலையில் போனார் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது பொய்யில்லை என்பதால் நானும் மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற என் சிநேகிதியும் கறுப்புச் சட்டையோடு வந்து கடைசி வாங்கில் இருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்து, "அன்று வைன் தோட்டத்தில் உனக்குத் தலையிடி என்றாயே, அப்போதே அவருக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாள்.

"ஓம், அப்போதே" என்றேன்.

அந்த வைன் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். அந்தப் பெண்ணும் அவளுடைய தாயும் நல்லவர்கள். ஆனால் எந்த உறவுமுறை சொல்லிக்கொண்டு போவது?

மகள் சிட்னிக்கு வரச் சொல்கிறாள். அவளுடைய வீடு சின்னது. முழு நாளும் அவள் வேலையில் இருப்பாள். நாயை அங்கே அடைத்து வைக்க முடியாது. அதனால் ரோவிலிலேயே இருக்கிறேன். வேலை நேரத்தைக் குறைத்துவிட்டேன். நாய்க்கும் வயதாகிவிட்டது. அதன் பல் இரண்டைப் பிடுங்க வேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருக்கிறார். வருகிற புதன்கிழமை கொண்டு போக வேண்டும். அதற்கு முதல் நாள் இரவு சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றார்கள்.